நடுவில் மூன்று எழுத்து

ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, தற்பெருமையோடுதான் ஆரம்பிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தப் பத்து வருஷத்தில், ஓசூர்த் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு எழுத்தைக் கொடுத்தால் போதும், அந்த நாலும் உள்ளே இருக்கிற வார்த்தையை மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அதுவும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம். அதனால் இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

இதெல்லாம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்த வித்தை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் ஒரு மணி நேரப் பயணம். ஹைவேயில் முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். பாதி லாரி கர்நாடகா, பாதி தமிழ்நாடு. கே, ஏ, எம், ஜி என்று பிளேட்டில் இருந்தால் அந்த நாலு எழுத்தும் வருகிற ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "மேக்கிங்" என்று நான் சொல்லி முடிக்கும்போது மற்றவர்கள் இன்னும் எழுத்தையே படித்துக்கொண்டிருப்பார்கள். டி, என், ஏ, சி வந்தால் "கேன்டீன்". முதலில் சொன்னவருக்குச் சாயங்காலம் திரும்பி வரும்போது டிரைவருக்குப் பக்கத்து ஜன்னல் சீட். பொருந்துகிற வார்த்தை ஒன்று வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. வேறு வார்த்தை இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் பின்னால் எனக்கு வினை வந்தது.

இந்த வித்தை வேலைக்கும் உதவியது. ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த மரப்பெட்டி மழையில் நனைந்து, மேலே ஒட்டியிருந்த தாளில் ஆர், ஓ, சி, கே என்ற நாலு எழுத்துதான் மிச்சம். "ராக்கா? கல்லையா அனுப்பியிருக்கான்?" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கேலி செய்தார். "ஸ்பிராக்கெட் சார், கன்வேயருக்கு நாம ஆர்டர் போட்டது" என்றேன். பெட்டியைத் திறந்தால் ஸ்பிராக்கெட், செயினை இழுக்கிற பல்சக்கரம். அன்றிலிருந்து கிழிந்த லேபிள், மங்கிப்போன ஃபேக்ஸ், அழிந்த பில் எது வந்தாலும் "மேடத்துகிட்ட காட்டு" என்று ஆகிவிட்டது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், நானும் மனுஷிதானே.

இப்போது ஆசிட் ஷெட் கதைக்கு வருகிறேன், அதுவும் ஸ்டோர்ஸோடு சேர்த்து என் பொறுப்பில்தான் இருந்தது. நாங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் ஃபிட்டிங் செய்கிற கம்பெனி. பாகங்களை ஆசிட்டில் முக்கிச் சுத்தம் செய்து, அப்புறம் பஃபிங் போட்டுப் பளபளப்பாக்குவோம். இரண்டு ஆசிட். ஒன்று ஹைட்ரோகுளோரிக், எங்கேயும் கிடைப்பது, பட்டால் சுள்ளென்று எரியும், தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இன்னொன்று ஹைட்ரோஃபுளோரிக். அது ஒரு துரோகி. தண்ணீர் கலந்து வைத்திருந்தால் பட்ட உடனே எரியக்கூட எரியாது. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போய்விடும். வலி தெரிய மணிக்கணக்காகும், அதற்குள் விரல் போய்விடும். அதற்கென்று தனியாக ஒரு கால்சியம் களிம்பு இருக்கிறது, அதை உடனே தடவ வேண்டும். இரண்டு ஆசிட்டும் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் கேனில்தான் வந்து இறங்கும்.

ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் தளி, ஜவளகிரிப் பக்கத்து ஆட்கள். வீட்டில் கன்னடம், கடைவீதியில் தமிழ், சிலருக்குத் தெலுங்கும் வரும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். சாதா ஆசிட் கேன் கைப்பிடியில் பழைய சேலைத் துணியைக் கிழித்து ஒரு முடிச்சு. மற்றதை அவர்கள் "எலும்பு ஆசிட்" என்பார்கள், அதற்குச் சிவப்புத் துணியில் இரண்டு முடிச்சு. இதைக் கவனித்துக்கொண்டது நாகம்மாக்கா. ஷெட்டில் கேன் தூக்கி வைக்கிற வேலை, ஐம்பதை நெருங்கிய வயசு, யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

வெளிநாட்டுக் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. எனக்கு அந்தக் கந்தல் துணியெல்லாம் கண்ணை உறுத்தியது. புதுக் கம்ப்யூட்டர், புதுப் பிரின்டர் வந்திருந்தது. பெரிய எழுத்தில் அழகாக இங்கிலீஷ் லேபிள் அடித்து ஒவ்வொரு கேனிலும் நானே நின்று ஒட்ட வைத்தேன். நாகம்மாக்காவைக் கூப்பிட்டு, ஒரு துணி பாக்கியில்லாமல் அறுத்துப் போடச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லேபிள் இருக்கும்போது கந்தல் எதற்கு, ஒன்று தொங்கினாலும் ஆளை மாற்றிவிடுவேன் என்று கறாராகச் சொன்னேன். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து ஆடிட். காலையிலேயே பெரிய தலைகள் எல்லாம் மீட்டிங் ரூமில். பதினோரு மணி வாக்கில் ஷெட் சூப்பர்வைசர் என் மேஜைக்கு ஓடி வந்தார். இடம் ஒழுங்கு செய்வதற்காக பஃபிங் செக்‌ஷனிலிருந்து முனிராஜைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் ஒரு கேனை நகர்த்தும்போது மூடி சரியாக இல்லாமல் ஆசிட் வழிந்து வலது கையில் பட்டுவிட்டது. கிளவுஸில் கிழிசல். "எந்த ஆசிட்னு ஃபர்ஸ்ட் எய்டுல கேக்கறாங்க மேடம், லேபிள் அரிச்சிருக்கு, நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

முனிராஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தளிப் பக்கத்துப் பையன், முப்பது வயசிருக்கும். பஃபிங் முடிந்த பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி, எங்கே கோடு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மெஷினில் அகப்படாதது அவன் விரலில் அகப்படும். அந்த விரல்தான் அவனுக்குச் சோறு போட்டது.

ஷெட்டுக்குப் போய்க் கேனைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் வாயிலிருந்து சொட்டிய ஆசிட் நேராக லேபிளின் நடுவில் வழிந்து, அந்த இடத்தைத் தின்றிருந்தது. முன்னால் எச், ஒய், டி, ஆர், ஓ. பின்னால் ஓ, ஆர், ஐ, சி. நடுவில் மூன்று எழுத்து காணோம். சுற்றிலும் பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ்ஸில் சொல்வது போலவே பட்டென்று சொன்னேன்.

"ஹைட்ரோகுளோரிக். சாதா ஆசிட்தான், நல்லா கழுவச் சொல்லுங்க."

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. ஃபர்ஸ்ட் எய்டில் முனிராஜின் கையைக் கழுவி, ஏதோ ஆயின்ட்மென்ட் போட்டு, துணி சுற்றி உட்கார வைத்துவிட்டார்கள். நான் பெருமையாக என் சீட்டுக்குத் திரும்பி வந்தேன். வழியில் இரண்டு பேர், மேடம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னதும் காதில் விழுந்தது.

உட்கார்ந்து, எழுதி வைக்க வேண்டுமே என்று ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஆசிட் பக்கத்தில் இரண்டு பெயரும் மேலும் கீழுமாக என் கையெழுத்திலேயே இருந்தன. முன்னால் ஐந்து எழுத்து அதே. பின்னால் நாலு எழுத்து அதே. நடுவிலும் இரண்டுக்கும் மூன்று எழுத்துதான். நான் பார்த்த லேபிளில் இரண்டு வார்த்தையும் அச்சுப் பிசகாமல் பொருந்தும். எனக்கு முதலில் வாயில் வந்தது ஒன்று, அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரு பதில் பொருந்திவிட்டதே என்று எழுந்து போகாதீர்கள். இன்னொன்றும் பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் தப்பினால் ஜன்னல் சீட்தான் போகும்.

ஓடினேன். அந்த ஷெட்டுக்குள் சேலையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் பார்த்ததில்லை. முனிராஜ் ஃபர்ஸ்ட் எய்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எரிகிறதா என்றேன்.

"எரியவே இல்ல மேடம். பரவால்ல, சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று சிரித்தான்.

சாதா ஆசிட் பட்டிருந்தால் இவன் இப்படிச் சிரிக்க மாட்டான். கட்டைப் பிரித்துக் கையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டச் சொல்லிவிட்டு, களிம்பைக் கேட்டேன். களிம்பு பெட்டியில் பூட்டியிருந்தது. சாவி சேஃப்டி ஆபீசரிடம், அவர் மீட்டிங் ரூமில். சூப்பர்வைசர் குறுக்கே நின்றார். சாதா ஆசிட் என்று நீங்கள்தானே பத்துப் பேர் முன்னால் சொன்னீர்கள், இப்போது மாற்றிச் சொன்னால் எப்படி, ஆடிட்டர் முன்னால் போய் இதைச் சொன்னால் கம்பெனி மானம் போகும், உறுதியாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

நான் அப்போதே அவரைத் தள்ளிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போயிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தாலே மோசமான ஆசிட் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்திலும் எனக்கு உறுதியான பதிலோடு போக வேண்டும் என்ற வீம்பு. மறுபடியும் கேனிடம் போய் மண்டி போட்டு உட்கார்ந்து லேபிளை உற்றுப் பார்த்தேன், மிச்சம் ஒரு கோடாவது தெரியாதா என்று. அந்த ஐந்து நிமிஷம் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. நாகம்மாக்கா, கையில் துடைப்பத்தோடு. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். இது சாதா ஆசிட்டா எலும்பு ஆசிட்டா என்று தெரிய வேண்டும், முனிராஜ் விரல் போய்விடும் போலிருக்கிறது என்று சொன்னேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சொன்னா என்னை வேலைய விட்டு நிறுத்திட மாட்டீங்களே மேடம்?"

பிள்ளைகளே, இத்தனை வருஷ சர்வீஸில் என்னை இதைவிட மோசமாக யாரும் அடித்ததில்லை. ஒரு மனுஷனின் விரல் போகிற நேரத்திலும் அந்த அம்மா என்னைக் கண்டு பயந்தார். நான் வாங்கி வைத்திருந்த மரியாதை அந்த லட்சணம்.

"சத்தியமா மாட்டேன்க்கா. தப்பெல்லாம் என்னோடது. சொல்லுங்க."

அவர் கிளவுஸை மாட்டிக்கொண்டு கேனின் கைப்பிடியைச் சாய்த்தார். கைப்பிடிக்கு அடியில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மெல்லிய கம்பி இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டியிருந்தது. "துணி கட்டக் கூடாதுன்னீங்க. அதான் எலும்பு ஆசிட்டுக்கு மட்டும் உள்ளாற கம்பி கட்டினேன். நம்ம ஷெட்டு ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சேன், உங்ககிட்ட சொல்லத்தான் எல்லாருக்கும் பயம். முனிராஜு வேற செக்‌ஷன், அவனுக்குத் தெரியாது" என்றார்.

அதாவது, தளிப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சிவப்புத் துணி தொங்கியிருந்தால் முனிராஜ் அந்தக் கேனைத் தொட்டிருக்கவே மாட்டான். துணியை அறுக்கச் சொன்னது நான். கேனைத் தப்பாகப் படித்ததும் நான். எழுதப் படிக்கத் தெரியாத நாகம்மாக்காதான் அதைச் சரியாகப் படித்தார்.

அப்புறம் நான் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மீட்டிங் ரூம் கதவைத் தட்டாமலே திறந்தேன். ஏ.சி., பூச்செண்டு, முந்திரி, நடுவில் வெள்ளைக்காரர். எங்கள் ஜி.எம். என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். சேஃப்டி ஆபீசரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னேன்:

"சார், எச்.எஃப். பட்டிருக்கு. பெட்டி சாவியக் குடுங்க. சாதா ஆசிட்னு நான் சொன்னது தப்பு."

எலும்பு ஆசிட்டின் சுருக்கமான அந்த இரண்டு எழுத்து அங்கே எல்லாருக்கும் புரியும். முதலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் அந்த வெள்ளைக்காரர்தான். அவர் ஓடிய வேகத்தைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள்.

களிம்பைத் தடவி, மேலே கிளவுஸ் மாட்டி, அதற்குள்ளும் களிம்பை நிரப்பி, கம்பெனி ஜீப்பில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஒரு தாளில் ஆசிட்டின் பெயரைப் பன்னிரண்டு எழுத்தும் முழுசாக எழுதி டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் படித்ததும் பெங்களூருக்கு போன் போட்டுப் பேசிவிட்டு, விரல்களில் ஊசி போட ஆரம்பித்தார். ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிற முனிராஜின் மனைவி, விரலில் முள் குத்தாமல் இருக்கச் சுற்றிய பிளாஸ்டரோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பெரளு உளியுத்தா மேடம்?"

விரல் பிழைக்குமா என்று கேட்கிறாள். அந்த அளவுக்குக் கன்னடம் எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல் முனிராஜுக்கு வலி வந்தது. உள்ளே இருந்து அவன் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. ஒரு உண்மையைச் சொல்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் மனசில் முதலில் வந்தது, 'எலும்பு ஆசிட்தான், சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம்' என்பது. பக்கத்தில் அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு அந்த நேரத்திலும் சரியான விடைதான் பெரிசாக இருந்தது. அன்றைக்குத்தான் இந்த விளையாட்டின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அப்புறம் பஸ்ஸில் யாராவது நம்பர் பிளேட்டைக் காட்டினால் தூங்குவது போல இருந்துவிடுவேன்.

விபத்து ரிப்போர்ட் எழுத வேண்டியது என் வேலை. லேபிள் மழையில் நனைந்து கெட்டுவிட்டது என்று எழுதிவிடலாம், யாருக்கும் பாதகமில்லை என்று யோசனை சொன்னார்கள். பஸ் சிநேகிதர்களே சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். துணிகளை அகற்றச் சொன்னது யார் என்ற இடத்தில் என் பெயர். முதலில் தவறாகச் சொன்னது யார் என்ற இடத்தில் என் பெயர். ஆசிட்டைச் சரியாக அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் நாகம்மா என்று எழுதினேன். படிக்கத் தெரியாதவர் பெயரை இதில் எப்படிப் போடுவது, உங்கள் பெயரையே போடுங்கள் என்று ஜி.எம். சொன்னார். அவர் பெயர் இல்லாவிட்டால் என் கையெழுத்தும் இல்லை என்றேன். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் நின்றது. நின்றால் நிற்கட்டும். நான் எழுதின இங்கிலீஷிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு பக்கம்தான், இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ஷெட்டில் சிவப்புத் துணி திரும்பி வந்தது, இந்தத் தடவை கம்பெனி ஆணையாகவே. புதிதாக யார் சேர்ந்தாலும், இன்ஜினீயராக இருந்தாலும், நாகம்மாக்காவிடம் அரை நாள் நின்று முடிச்சு கற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று ஏற்பாடு. இன்ஜினீயர் பையன்கள் முகம் சுளிப்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், முடிச்சு தளர்ந்திருந்தால் அவிழ்த்து மறுபடி போடச் சொல்வார். நானும் அரை நாள் நின்றேன். என்னுடைய முதல் முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னார்.

முனிராஜ் மூன்று மாசம் வரவில்லை. விரல் தப்பிவிட்டது, ஒரு நகம் மட்டும் போய்விட்டது என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் கை முழுக்கக் கட்டு.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸ் கவுன்டரில் குரல் கேட்டது. புது கிளவுஸ் வேண்டுமென்று முனிராஜ் நின்றுகொண்டிருந்தான். கையைக் கவுன்டருக்குக் கீழே வைத்திருந்தான். நான் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். பொதுவாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கேயே போட்டுப் பார் என்றேன். அவன் வலது கையை மேலே எடுத்து, கிளவுஸுக்குள் மெதுவாக ஒவ்வொரு விரலாக விட்டான். எனக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கட்டைவிரல் கொஞ்சம் மாட்டிக்கொண்டது. அவன் இழுத்துவிட்டு, அதையும் உள்ளே விட்டான்.

"ஏன் மேடம் அப்படிப் பாக்கறீங்க?" என்றான்.

"சைஸ் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.